முன்னால் போன கால்கள்

அவளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய பொம்பளைக்கு இது ஒரு பேரா என்று கேட்காதீர்கள். அக்கா எங்கே போனாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்களாம்?

அக்கா தையல்கடைக்காரி. வாலு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அக்காவுக்கு முட்டிவலி வந்தபோது, தண்ணீருக்குள் நடந்து பாருங்கள் என்றார் டாக்டர். நடக்கப் போனவள் நீந்தக் கற்றுக்கொண்டாள். பிறகு பெரியவர்களுக்கான நெடுந்தூர நீச்சல் போட்டிகளில் பேர் கொடுத்தாள். வாலு சும்மா இருப்பாளா? அவளும் கொடுத்தாள்.

வருஷத்துக்கு ஐந்து போட்டி. ஏரியில், அணையில், கடலில் என்று நடக்கும். ஒவ்வொன்றிலும் பிடிக்கிற இடத்துக்குத் தக்கபடி புள்ளிகள். கடைசியில் கூட்டிப் பார்த்து, அந்தந்த வயதுப் பிரிவில் முதலாவதாக இருப்பவருக்குப் பேர் பொறித்த கேடயம் தருவார்கள். ஆறு வருஷமாக அது அக்கா வீட்டு அலமாரிக்குத்தான் போனது. ஆறு வருஷமும் அதே பிரிவில் வாலு இரண்டாவது.

அந்த இரண்டாவது இடம் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் நீந்துகிறவரின் காலை ஒட்டியே போனால், தண்ணீரே நம்மை இழுத்துக்கொண்டு போகும். சட்டப்படி தப்பில்லை. வழி காட்டும் மிதவை எந்தப் பக்கம், கரை எந்தப் பக்கம் என்பதெல்லாம் அக்கா பாடு. வாலு தலையைத் தூக்கிப் பார்த்ததே கிடையாது. அக்காவின் இரண்டு குதிகாலும், அவை கிளப்புகிற நுரையும் கண்ணில் பட்டால் போதும். இப்படிச் சொகுசாகப் போய்விட்டு, கரையேறியதும் வாய் மட்டும் நீளும்.

"வழியை அடைச்சுகிட்டே போறே! இல்லேன்னா எப்பவோ முந்தியிருப்பேன். ஒரு வருஷமாச்சும் எனக்கு விட்டுக்குடேன், குறைஞ்சா போயிடுவே?"

"முந்துடி. நான் என்ன உன் கையைப் புடிச்சா வெச்சிருக்கேன்?" என்பாள் அக்கா, தலையைத் துவட்டிக்கொண்டே.

இந்த வருஷம் மூன்றாவது போட்டி முடிந்த கொஞ்ச நாளில், கடையில் தைத்துக்கொண்டிருந்த அக்கா மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை பாவிக்கு.

அடுத்த போட்டிக்கு வாலு போகவில்லை. கடைசிப் போட்டிக்கும் போயிருக்க மாட்டாள். அக்கா புருஷன்தான் வீடு தேடி வந்தார்.

"போயிட்டு வாம்மா. மத்தவங்க எல்லாம் புள்ளியில ரொம்பப் பின்னாடி இருக்காங்களாம். கரை சேர்ந்தாலே கேடயம் உனக்குத்தானாம். எத்தனை வருஷமா கேட்டுகிட்டு இருந்தே!"

வாலுவுக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இருந்தது. அந்த ஆசைக்காகத் தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஆனாலும் போனாள்.

பெரிய ஏரி. விசில் ஊதியதும் கூட்டத்தோடு பாய்ந்தாள். சற்று தூரத்திலேயே கூட்டம் கலைந்துவிட்டது. முன்னால் கால் இல்லை, நுரை இல்லை. வெறும் பச்சைத் தண்ணீர். அடேயப்பா, என்ன கனம்! தண்ணீர் எப்போதுமே இவ்வளவு கனமா? இந்தக் கனத்தையா அக்கா ஒருத்தியே இத்தனை வருஷமும் தள்ளிக்கொண்டு போனாள்? முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீச்சல் கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கியது.

"யம்மா! யம்மோவ்! எங்க போறீங்க?"

காவல் படகுக்காரர் கத்தினார். தலையைத் தூக்கினாள். எதிரே கோரைப்புல். ஆரஞ்சு மிதவையோ முதுகுக்குப் பின்னால் எங்கேயோ கிடந்தது. ஒரு சந்துபொந்து விடாமல் வேன் ஓட்டுகிறவள், பட்டப்பகலில் திசை தெரியாமல் முழித்தாள்.

"எதைப் பாத்து நீந்துறீங்க?"

"காலைப் பாத்து" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முடியலேன்னா படகைப் புடிச்சுக்குங்க. ஆனா புடிச்சா போட்டியிலேர்ந்து எடுத்துடுவாங்க, பாத்துக்குங்க."

கை படகு வரைக்கும் போனது. பிடிக்காமல் திரும்பினாள். நாலு வீச்சு, தலையைத் தூக்கி ஒரு பார்வை, கோணலைத் திருத்தி மறுபடி நாலு வீச்சு. தண்ணீரைக் குடித்தாள், இருமினாள், அக்காவைத் திட்டினாள். "இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டியேடி!" தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து விண்ணென்று வலித்தது. அக்கா ராத்திரியில் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

எல்லோருக்கும் கடைசியாகக் கரையேறினாள். ஆனாலும் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் கரையிலேயே சின்ன மேடை போட்டு, இந்த வருஷத்தின் முதலிடம் என்று அவள் பேரைக் கூப்பிட்டார்கள். நல்ல கைதட்டல். கேடயத்தை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து அக்கா புருஷன் கையில் கொடுத்தாள். அவர் அதைத் துண்டால் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"இதைப் பாக்க உங்கக்கா மட்டும் இருந்திருந்தா..."

"இருந்திருந்தா எனக்குக் கிடைச்சிருக்காது மாமா" என்றாள் வாலு. அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "கிடைக்காமலே இருந்திருக்கலாம் மாமா."