கூறு போடாத இருதயம்

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை ஆடு அறுத்தால் அது கடைக்கறி இல்லை, கூறுக்கறி. எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு செம்மறிக் குட்டியை வாங்குவோம். புளியமரத்தடியில் பனையோலையை விரித்து எட்டுக் கூறாகப் பிரிப்போம். கறி, எலும்பு, ஈரல், குடல், கொழுப்பு எதுவானாலும் எல்லாக் கூறிலும் விழ வேண்டும். இருதயம் ஒரு குட்டிக்கு ஒன்றுதான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதையும் எட்டாக நறுக்கித்தான் வைப்பார்கள். பிறகு ஒருவர் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். "இது யாருக்கு?" என்று ஒவ்வொரு கூறாகக் கேட்க, அவர் பார்க்காமலே ஒரு வீட்டைச் சொல்வார். அதற்கப்புறம் யாரும் முணுமுணுக்க முடியாது.

அந்தச் சின்ன இருதயத் துண்டை என் மனைவி ஒருநாளும் தின்றதில்லை. குழம்புச் சட்டியைத் துழாவித் தேடி எடுத்து என் இலையில் வைத்துவிடுவாள். "ஏர் பிடிக்கிற நெஞ்சுக்கு இது வேணும்ங்க" என்பாள். நானும் தின்றுவிட்டு எழுந்து போவேன். பிள்ளையில்லாத வீடு. நாங்கள் இரண்டு பேர்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மாசி மாதத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. வல்லத்திராக்கோட்டைச் சந்தைக்குக் கூடையோடு நடந்து போய் வருகிறவள், வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு இருதயம் பலகீனம் என்றார். உப்பைத் தொடக்கூடாது, தண்ணீரும் அளவோடுதான் குடிக்க வேண்டும் என்றார். எங்கள் ஊர் வைத்தியர் அவர் பங்குக்கு, "ஆட்டு இருதயம் குடுங்க. வாரத்துக்கு ஒண்ணு, முழுசாக் குடுக்கணும். புளி மட்டும் சேக்க வேணாம்" என்றார். நான் இரண்டு பேரையும் நம்பினேன். அவள் பிழைப்பாள் என்று வேலியோரத்து ஓணான் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நம்பியிருப்பேன்.

தெருக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "அதுக்கென்னப்பா, எடுத்துக்க" என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். எங்களுக்குக் கறி வெட்டுகிறவர் மேலவீட்டு அண்ணன். கூறு போடுவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு மும்முரத்தில் இருதயத்தைக் கையில் எடுத்தவர், பழக்கத்தில் சரசரவென்று எட்டுத் துண்டு போட்டு எட்டுக் கூறிலும் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "அட பாவி, என் கையி!" என்று கத்தியைக் கீழே போட்டார்.

நான் கோபக்காரன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். துண்டு துண்டாகிப் போனதை வைத்து நான் என்ன பண்ணுவேன் என்று கத்தினேன். ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் கூறிலிருந்த துண்டைப் பொறுக்கி என் ஓலையில் வைத்தார்கள். "எட்டும் ஒரே குட்டியோடதுதானே. சேத்துத் தின்னா முழுசுதான், போப்பா" என்றார் அண்ணன். அடுத்த வாரத்திலிருந்து இருதயத்தை முதலில் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றதை வெட்டினார்.

அடுப்பு எனக்குப் புதிது. இருதயத்தைப் பிளந்து, உள்ளே உறைந்திருக்கும் ரத்தத்தைக் கழுவி, வெள்ளையாக இருக்கும் குழாயையும் கொழுப்பையும் நீக்கி, மெல்லிசாக அரிய வேண்டும். அவள் சுவரில் சாய்ந்தபடி, "கலப்பையப் பிடிக்கிற மாதிரி கரண்டியப் பிடிக்காதீங்க" என்று சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் எனக்கு உயிர் போகும்.

முதலில் தேங்காயும் மிளகாயும் அரைத்துப் போட்டேன். உப்பில்லாமல் மண்ணாக இருந்தது. அடுத்த வாரம் முருங்கைக்கீரையோடு வதக்கினேன். கசப்புதான் தூக்கலாக நின்றது. வெள்ளைப்பூண்டை அதிகமாகப் போட்டதில் நெஞ்சு எரிகிறது என்றாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு வாய் தின்றுவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு" என்று இலையை மூடுவாள். கட்டுமாவடிக் கருவாட்டுக்காரி தெருவில் கூவிக்கொண்டு போனால் மட்டும் அவள் மூக்கு விடைக்கும். பொறுக்க மாட்டாமல் ஒருநாள் வாசலுக்கு ஓடி, "அங்கிட்டுப் போய்க் கூவு தாயி, இங்கிட்டு வராத" என்று அந்தப் பொம்பளையை விரட்டினேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

சித்திரையில் வழி பிறந்தது. புளிதானே கூடாது, மாங்காய் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று தோன்றியது. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, இருதயத்தைப் போட்டு, மிளகும் சீரகமும் தட்டித் தூவி, இறக்கும்போது புளிப்பு மாங்காயைத் துருவிப் போட்டேன். புளிப்பும் காரமும் சேர்ந்ததில் உப்பில்லாத குறை தெரியவில்லை. அவள் மூன்றாவது வாய்க்குக் கை நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

கூடக் குடிக்க என்ன கொடுப்பது என்பதில்தான் தடுமாறினேன். குடிக்கிறதே ஒரு டம்ளர்தான், அது அவளுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டாமா? மோர் கொடுத்தால் புளிப்புக்கு மேல் புளிப்பு. சுக்குத்தண்ணீர் மிளகோடு சேர்ந்து தொண்டையை அறுத்தது. கடைசியில் பனந்தோப்பிலிருந்து விடிகாலையில் இறக்கிய பதநீரை வாங்கி வந்தேன். காரத்துக்கு அந்த இனிப்பு அப்படிப் பொருந்தியது. ஒரு வாய் கறி, ஒரு மடக்குப் பதநீர் என்று அவள் நிதானமாகத் தின்றதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். "கள்ளுக்கடையில ஒக்காந்த ஆம்பள மாதிரி இருக்கேன்ல?" என்றாள். கால் வீக்கம்கூட வடிந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. தெரிய வேண்டும் என்று விரும்பினேன், அதனால் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டியைக் கழுவப் போனபோது பாதி இருதயம் மூடி வைத்திருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"ஒங்களுக்குத்தாங்க. இத்தன வருசமாத் தின்ன நெஞ்சு, திடீர்னு நிறுத்துனா என்னாகும்?"

கத்திவிட்டேன். வைத்தியர் முழுசாகத் தின்னச் சொன்னாரே, ஊரே தன் பங்கை விட்டுக் கொடுத்திருக்கிறதே, உனக்கு ஏன் இந்தப் புத்தி என்று கத்தினேன். அவள் அசையவே இல்லை. "நான் மட்டும் இருந்து என்ன பண்ண? நீங்களும் இருக்கணும்ல?" என்றாள். அந்தப் பாதியை நான் தின்ற பிறகுதான் படுத்தாள்.

ஆனி முடியும்போது பதநீரும் நின்றது, மாங்காயும் பழுத்துப் போனது. படுத்தால் மூச்சு முட்டியது, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் அவள் தூங்கினாள். புதிதாகக் கல்யாணமானபோது டவுனில் ஒருதரம் வாங்கிக் கொடுத்த கலர் சோடாவைக் கேட்டாள். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் புகையைத் தின்றுகொண்டே புதுக்கோட்டைக்குப் போய், பாட்டிலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கோலிக்குண்டை உள்ளே தள்ளியபோது எழுந்த சத்தத்தில் திடுக்கிட்டுச் சிரித்தாள். மாங்காய்க்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தேன். ஒரு துண்டு கறி தின்றாள், இரண்டு மடக்குக் குடித்தாள். "எல்லாத்துலயும் இதுதாங்க கறிக்கு நல்ல சேத்தி" என்றாள். மிச்சத்தைக் குடிக்க முடியவில்லை.

ஆடி பிறந்த வாரம் அவள் போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் தெருவில் யாரும் ஆடு அறுக்கவில்லை. எனக்காகத்தான் என்று தெரியும். பிறகு ஒருநாள் மேலவீட்டு அண்ணன் வந்து, "வாப்பா, நீயும் வந்தாத்தான் எட்டு" என்று கூப்பிட்டார். போனேன். ஓலை விரித்தார்கள். அண்ணன் குட்டியின் வயிற்றுக்குள் கைவிட்டு இருதயத்தை எடுத்தார். எடுத்த கையோடு என் பக்கம் நீட்டிவிட்டார்.

கை நீட்டியபடியே நின்றது.

"கூறு போடுங்கண்ணே" என்றேன்.

"என்னால ஆகாதுப்பா" என்றார்.

நானே வாங்கி நறுக்கினேன். எட்டாக நறுக்கி எட்டுக் கூறிலும் வைத்தேன். எனக்கு விழுந்த கூறை வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்தேன். கொதி அடங்கியதும், அவள் செய்கிற மாதிரியே கரண்டியால் சட்டியைத் துழாவி அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். அவளுக்கு வைக்கத்தான் எடுத்தேன். ஒரே ஒரு இலைதான் போட்டிருந்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடி, அது ஆறிப்போகும்வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.