முதல் அடி நீங்க அடிங்க சார்

என் பெண்டாட்டிக்கு வாய் நீளம் என்று கல்யாணத்தன்றே என் அக்கா சொன்னாள். வாய் மட்டும்தானா? கைப்பையில் சுத்தியலும் வைத்திருப்பாள்.

அரசாங்கக் கட்டடங்களுக்கு சைட் இன்ஜினீயர் அவள். அவையெல்லாம் ஏன் ஒதுக்கிய பணத்துக்குள் முடிவதில்லை என்று அவளிடம் யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்தது, அன்றைக்கு வீட்டில் சோறு ஆறிப்போகும்.

"திருட்டு கிடக்கட்டுங்க. கட்டினதை உடைக்கிறாங்களே, அதைக் கேளுங்க முதல்ல!"

ஓர் அதிகாரி வந்து கதவை அந்தப் பக்கம் வை என்பார். உடைப்பார்கள். அடுத்து வருகிறவருக்கு அது பிடிக்காது. மறுபடியும் உடைப்பார்கள். உடைக்கவும் கூலி, கட்டவும் கூலி. கடைசியில் பணம் தீர்ந்து, இன்னும் மாட்டாமல் இருப்பது எதுவோ அதை வேண்டாமென்று விட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக மாட்டுவது லிஃப்ட்.

பழைய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் அப்படித்தான் போயிற்று. அந்த இடத்தில் துடைப்பமும் வாளியும் குடியிருந்தன. என் மாமனாருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, நானும் மச்சானும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மூன்றாம் மாடிக்குத் தூக்கினோம். திருப்பத்தில் மச்சானுக்குக் கை வழுக்கிவிட்டது. ஐயோ, மனுஷன் அலறிய அலறல்! அதன்பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. பின்னால் வந்த என் பெண்டாட்டி அழவில்லை.

"இனி நான் கட்டுற எதுலயும் லிஃப்ட் இல்லாம விடமாட்டேன்" என்றாள்.

புது ஆஸ்பத்திரி வேலை அவள் கைக்கு வந்ததும் சுத்தியல் வாங்கினாள். எதையாவது மாற்றச் சொல்லி யார் வந்தாலும் அதை எடுத்து நீட்டுவாள்.

"தாராளமா மாத்தலாம் சார். முதல் அடி நீங்க அடிங்க."

புதுச் சுவரைத் தன் கையால் உடைக்க யாருக்கு மனசு வரும்? சிரித்து மழுப்பிவிட்டு நழுவுவார்கள். ஒரு டாக்டரம்மா மட்டும் சுத்தியலை வாங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தார். "இப்படியே நல்லாத்தாம்மா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெரிய அதிகாரி வந்த அன்று, சாப்பாடு கொடுக்க நானும் போயிருந்தேன். அவருக்குத் தன் அறை போதவில்லையாம், சுவரைத் தள்ளிப் போட வேண்டுமாம். இவள் சுத்தியலை நீட்டினாள். வாங்கி ஓங்கி அடித்தாரே பார்க்கணும்! பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. கூட வந்த கூட்டம் கைதட்டியது.

அவள் அசரவில்லை. கொத்தனார் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, கலவையை அள்ளி ஓட்டையில் அப்பினாள்.

"அடிங்க சார். நீங்க அடிக்க அடிக்க நான் பூசிக்கிட்டே இருப்பேன்."

"ஏம்மா, யார்கிட்ட பேசுற? உன்னை எங்க தூக்கிப் போடுறேன் பாரு!"

"போடுங்க. லிஃப்டை மாட்டிட்டுப் போறேன்."

மறுபடியும் அடித்தார். மறுபடியும் அப்பினாள். கலவை அவர் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. சித்தாள்களும் கொத்தனார்களும் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள், இப்போது ஒருத்தரும் கைதட்டவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, "இந்த ரூமே போதும்" என்று முனகிக்கொண்டு காரில் ஏறினார்.

மாற்றல் உத்தரவு வராமலா போகும்? வந்தது. ஆனால் அரசாங்கத் தாள் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு அவளுக்கு அழைப்பு இல்லை.

"கூப்பிட்டாத்தான் போகணுமா? அவங்க அப்பன் வீட்டுக் கட்டடமா அது?"

என் மாமனாரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நேரே லிஃப்டுக்குள் போனாள். பின்னாலேயே நானும் போனேன். கிழவர் பொத்தான்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மேலே போனோம், கீழே வந்தோம், மறுபடியும் மேலே போனோம். எனக்குத் தலை சுற்றியது, அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கீழே கதவு திறந்தபோது வாசலில் அந்தப் பெரிய அதிகாரி நின்றிருந்தார். இவளைப் பார்த்ததும் தயங்கினார். பக்கத்தில் இருந்த படிக்கட்டைப் பார்த்தார். மாமனாருக்கு அவர் யாரென்று தெரியாது.

"உள்ள வாங்க தம்பி. எந்த மாடி?"

"மூணு" என்று ஏறிக்கொண்டார்.

மாமனார் பொத்தானை அழுத்தினார்.

"என் பொண்ணு கட்டினது தம்பி இது."

"தெரியும்" என்றார் அதிகாரி.