மிச்ச ஆளு

இது நள்ளிரவில் நடந்ததல்ல. பட்டப்பகலில் நடந்தது. நேரம்கூடச் சரியாகத் தெரியும். மதியம் இரண்டு நாற்பது. அப்போது அங்கே இருந்தவர்கள் இன்றும் திருத்தங்கலில்தான் இருக்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கட்டிவிட்ட கதை என்றால் இந்நேரம் ஒருவராவது மாற்றிச் சொல்லியிருப்பார்.

தீபாவளி முடிந்து பத்தாவது நாள், சனிக்கிழமை. அழகுமீனா வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு முருகம்மாள் பார்த்துவிட்டாள்.

"எங்க கெளம்பிட்டீக குடும்பத்தோட?"

"ஓட்டலுக்கு மதினி. ஒருநா தங்கப் போறோம்."

"எந்த ஊருல?"

"இங்கனதான். விருதுநகர் ரோட்டுல."

முருகம்மாள் வாயில் கைவைத்தாள். "சொந்த வீட்டப் பூட்டிட்டு, பஸ்ஸுல இருவது நிமிசம் போயி ரூம்பு போட்டுப் படுக்கப் போறீகளா? நல்லாருக்குடி ஒங்க கூத்து!"

ஜவுளிக்கடைக் குலுக்கலில் விழுந்த கூப்பன் அது. புதிதாகத் திறந்த ஓட்டலில் நாலு பேர் ஒரு நாள் தங்கலாம், சாப்பாட்டோடு. அழகுமீனா, லோடு வேன் ஓட்டும் அவள் புருஷன் கதிரவன், எட்டு வயது மகள் இசைவாணி. நாலாவது ஆளாக அழகுமீனாவின் தங்கை பானுப்பிரியா சேர்ந்துகொண்டாள்.

மற்ற மூன்று பேருக்கும் நீச்சல்குளத்தின் மேல் கண். அழகுமீனாவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். தூக்கம்.

பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற வேலை அவளுக்கு. ஆறு மாத சீசன் முழுக்க ஒரு நாள்கூட நிம்மதியாகப் படுத்ததில்லை. கம்பெனிக்கு லீவு விட்ட பிறகும் உடம்பு அடங்கவில்லை. கண்ணை மூடினால் கை தானாக எதையோ அடைத்துக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு பத்துக்கு ஓட்டலுக்குள் நுழைந்தார்கள். தரைத்தளத்தில் அறை. முன்பக்கம் ஒரு கதவு. நேர் எதிரே, தோட்டத்தைப் பார்த்து இன்னொரு கதவு.

"எங்க கம்பெனி ரூம்பு மாதிரியே இருக்கே" என்றாள் அழகுமீனா.

"ஆரம்பிச்சுட்டியா? இன்னைக்கு ஒருநா கம்பெனியப் பத்திப் பேசாம இருக்கா" என்றாள் பானுப்பிரியா.

பன்னிரண்டரைக்குக் கதவு தட்டப்பட்டது. ஓட்டல் சிப்பந்தி டீ கொண்டுவந்திருந்தார்.

ஐந்து கப்.

"நாங்க டீயே கேக்கலையேங்க" என்றான் கதிரவன்.

"இந்த ரூம்ல இருந்துதான் போன் வந்துச்சு சார். ஒரு அம்மா பேசுனாங்க. அஞ்சு பேரு இருக்கோம்னாங்க."

கதிரவன் சிரித்துவிட்டான்.

"ஓசியில வந்தத வேணாம்னு சொல்லுவாகளா? அஞ்சாவது எனக்கு."

"ஒங்க வயித்துக்கு அது ஆறாவது, மச்சான்" என்றாள் பானுப்பிரியா.

சாப்பிட்டு வந்தபோது மணி ஒன்றே முக்கால். அழகுமீனா பின்கதவை இழுத்துச் சாத்தப் போனாள்.

கைப்பிடிக்கு மேலே ஒரு கறை.

சாம்பல் நிறம். மினுமினுப்பு. ஐந்து விரலும் பதிந்த ஒரு கை.

அந்த நிறம் அவளுக்குத் தெரியும். பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பவுடர். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பத்து நாள் தேய்த்துக் குளித்த கை. சுத்தமாக இருந்தது.

கறையின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை அவள் கையைவிடச் சிறியது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பானுப்பிரியா கேலி செய்வாள்.

இரண்டு இருபதுக்குத் திரையை இழுத்துவிட்டு எல்லோரும் படுத்தார்கள். அறை கும்மிருட்டாகிவிட்டது. கட்டிலில் கதிரவனும் பானுப்பிரியாவும் ஆளுக்கொரு ஓரமாகப் படுக்கச் சங்கடப்பட்டதால், கதிரவன் சோபாவுக்குப் போய்விட்டான். கட்டிலில் பானுப்பிரியா, அழகுமீனா, கடைசியில் பின்கதவை ஒட்டி இசைவாணி.

ஏசியின் ர்ர்ர்ர் சத்தம். வேறு எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அழகுமீனாவுக்குக் கண் சொருகியது...

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூம்புக்கு நாலு பேர்தான். அது சட்டம். அழகுமீனா வேலை பார்த்த கம்பெனியில் சீசனில் ஆறு பேர், எட்டுப் பேர்கூட உட்காருவார்கள். சோதனைக்கு அதிகாரியின் ஜீப் வந்தால் வரிசையாக ரூம்பு ரூம்பாக ஒரு குரல் வரும். 'ஆபீசர் வந்தாச்சு, மிச்ச ஆளு வெளிய வாங்க!' அந்த நொடியே நாலு பேர் போக மற்றவர்கள் பின்வாசல் வழியாக ஓடி, வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். அழகுமீனா அவள் ரூம்பில் மூத்தவள். கடைசியில் இருப்பவளின் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவது அவள் வேலை. யோசிக்க நேரம் இருக்காது. கை தானாகச் செய்யும்.

மணி இரண்டு நாற்பது.

டொக். டொக்.

பின்கதவு.

ஒரு பெண்ணின் குரல். மூச்சு வாங்கும் குரல்.

"ஆபீசர் வந்தாச்சுக்கா... மிச்ச ஆளு வெளிய வாங்க."

அழகுமீனா கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்ன முதுகைத் தொட்டாள். தூக்கினாள். தள்ளினாள்.

"போ... போ... மரத்தடிக்குப் போ."

தாழ்ப்பாள் திறந்தது. வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே வந்தது. மறைந்தது.

ரூம்பில் இப்போது சரியாக இருக்கிறது என்ற நிம்மதியில் அவள் புரண்டு படுத்தாள்.

தூங்கினாள்.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு முகத்தில் அனல் அடித்தது.

விழித்தாள். பின்கதவு திறந்து கிடந்தது. பக்கத்தில் கை வைத்தாள்.

மெத்தை.

வெறும் மெத்தை.

"ஏங்க... பிள்ளை..."

அப்போதுதான் உறைத்தது. யார் போனது... யார் அனுப்பியது...

"நான்தான் அனுப்புனேன்! ஐயோ, நானே தள்ளிவிட்டுட்டேன்!"

கதிரவன் நீச்சல்குளத்துக்கு ஓடினான். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பானுப்பிரியா ரோட்டுப் பக்கம் ஓடினாள். அழகுமீனா அந்த இரண்டு பக்கமும் போகவில்லை. மரத்தைத் தேடினாள்.

தோட்டத்தில் மரமே இல்லை.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சுற்றுச்சுவர் பாதியில் நின்றிருந்தது. அதைத் தாண்டினால் கருவேலங்காடு. நடுவில் ஒரு வெட்டிய அடிமரம். கருகிப்போன வேம்பு.

அதன் பக்கத்தில் இசைவாணி நின்றாள். வெறுங்காலோடு. கொளுத்தும் வெயிலில்.

வலது கை மேலே தூக்கியிருந்தது. யாரோ பிடித்திருப்பதைப் போல.

அவள் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் பழைய கிணறு. சுவர் இல்லாத கிணறு.

"இசை... அம்மாகிட்ட வா."

"வர முடியலம்மா."

"ஏன்டா?"

"இந்த அத்தை கைய விட மாட்டேங்குறாக."

அங்கே யாரும் இல்லை.

அழகுமீனா பாய்ந்து மகளின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. எட்டு வயசுப் பிள்ளை, கல்தூண் மாதிரி. எதிர்ப்பக்கம் ஏதோ இழுத்தது. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. மண் சரிந்து கிணற்றுக்குள் விழுந்தது.

ப்ளக்.

அழுகை வரவில்லை. ஆறு வருஷப் பழக்கம்தான் வாயில் வந்தது.

"ஆபீசர் போயாச்சு!" என்று கத்தினாள். "ஜீப்பு போயாச்சுக்கா. கைய விடு!"

காற்று இல்லை. ஒரு சத்தமும் இல்லை.

பிறகு இசைவாணியின் கை பொத்தென்று கீழே விழுந்தது.

மணிக்கட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஐந்து விரல்.

சத்தம் கேட்டுக் கதிரவனும் பானுப்பிரியாவும் ஓடிவந்தார்கள். கூடவே வந்த ஓட்டல் காவலாளி செந்தூர்பாண்டி அந்தக் கையைப் பார்த்தார். பிள்ளையை வாங்கித் தூக்கிக்கொண்டு மூன்று பேரையும் வேகமாக உள்ளே கூட்டிப்போனார். கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"இங்கன முந்தி ஒரு கம்பெனி இருந்துச்சும்மா. ஒம்பது வருசமாச்சு. ஒத்த ரூம்பு மட்டும் வெடிச்சுச்சு. உள்ள இருந்த நாலு பேரும் போயிட்டாக."

"மத்தவுக?"

"மிச்ச ஆளுக நாலு பேரு. வேப்பமரத்துக்கிட்ட நின்னதால பொழச்சாக. உள்ள இருந்த செல்லக்கனிதான் ஆபீசர் வந்தாச்சுன்னு வெளிய பத்திவிட்டிருக்கா. ஆனா அன்னைக்கு எந்த ஆபீசரும் வரல. எதுக்கு அப்படிச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

"எத்தனை மணிக்கு?"

"மதியம் ரெண்டே முக்கா இருக்கும்."

நாலு மணிக்கெல்லாம் பஸ் ஏறிவிட்டார்கள். ராத்திரித் தங்கல், காலைச் சாப்பாடு எதுவும் வேண்டாம். பஸ் திருத்தங்கலை நெருங்கும்போது கதிரவன் மெதுவாகக் கேட்டான்.

"மீனா, ரூம்புக்கு நாலு பேருன்னுதான கணக்கு? நாம நாலு பேருதான இருந்தோம்?"

அவள் தலையாட்டினாள்.

"அப்ப அது ஏன் மிச்ச ஆள வரச் சொல்லுச்சு?"

அவள் இசைவாணியை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மணிக்கட்டில் இருந்த தடம் போக மூன்று வாரம் ஆனது. இசைவாணி எதையும் திரும்பப் பேசவில்லை. அந்த அத்தை எப்படி இருந்தாள் என்று கேட்டதற்கு மட்டும், "முகத்தைக் காட்டவே இல்லம்மா" என்றாள்.

நவம்பர் கடைசியில் அழகுமீனாவுக்குத் தலை சுற்றிக்கொண்டே இருந்தது. சீசன் அலுப்பு என்றுதான் நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் கற்பகவல்லி பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல சேதிதான். ரெண்டு மாசம் முடியப் போகுது. இது தெரியாமலா இருந்தீக?"

அழகுமீனா சிரிக்கவில்லை. விரல் விட்டு நாளை எண்ணினாள். திரும்ப எண்ணினாள்.

ரெண்டு மாசம்.

அந்தச் சனிக்கிழமை அறையில் இருந்தது நாலு பேர் இல்லை.

அந்தக் குரல் கூப்பிட்டது இசைவாணியையும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பானுப்பிரியா காராச்சேவுப் பொட்டலத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். உள்ளே கதிரவன் கண்ணயர்ந்திருந்தான். இசைவாணி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பானுப்பிரியா செருப்பைக் கழற்றினாள்.

அழகுமீனா எழுந்து வந்து, இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"அங்கனயே நில்லு."

"என்னக்கா வெளையாடுத? வெயிலு மண்டையப் பொளக்குது."

"உள்ள வராத பானு." அக்கா ஒரு கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள். "நாலு பேரு இருக்கோம்."