அசையாமல் நிற்பதெல்லாம் அழுக்கு

எல்லோரும் "நன்றாக ஓடுகிறது" என்று சொல்லும் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு, "எப்போது ஓடாது?" என்று கேட்பதற்காகச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லிஃப்ட் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் மென்பொருள் சோதனையாளர். மின்தூக்கி என்று எழுத ஆசைதான்; அப்படிச் சொன்னால் எங்கள் மெக்கானிக்கே திரும்பிப் பார்ப்பதில்லை. லிஃப்ட் எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவு எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பதையெல்லாம் இன்று மென்பொருள்தான் முடிவு செய்கிறது. அது கட்டடங்களுக்குப் போகும் முன் அதைச் சந்தேகிப்பது என் பொறுப்பு. சந்தேகப்படுவதற்கென்றே முதுகலைப் பட்டம் வாங்கியவள் என்று உறவினர்கள் சொல்வதுண்டு. மறுக்க மாட்டேன்.

காலையில் கண் விழித்தால் கைப்பேசி தன்னைத் தானே மாற்றிக்கொண்டிருக்கிறது, நேற்றுவரை இருந்த பொத்தானைக் காணவில்லை என்று தடவித் தேடும் சக நோயாளிகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் கைப்பேசியாவது உங்கள் பைக்குள் இருக்கிறது. நான் சொல்லப்போகும் பொருளுக்குள் நீங்கள் இருக்கிறீர்கள்.

கண்ணுக்குப் பொட்டு

லிஃப்ட் கதவின் இரு ஓரங்களிலும் கீழிருந்து மேல்வரை ஒரு கறுப்புப் பட்டை ஓடும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி எதிர்ப்பக்கம் பாய்ந்துகொண்டிருக்கும். நடுவில் யாராவது நின்றால் ஒளி மறைபடும், கதவு மூடாது. எங்கள் பழைய கட்டடங்களில் இந்தப் பட்டைகளை இந்த ஆண்டுதான் பொருத்தினோம். அடுத்து ஆயுத பூஜை வந்தது. மெக்கானிக் டில்லிபாபு அண்ணனூர்க்காரர், பக்திமான். ஒவ்வொரு கட்டடமாகப் போய், பூசணிக்காய் சுற்றி உடைத்து, லிஃப்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு வந்தார். வைத்த இடம் அந்தக் கறுப்புப் பட்டை. சந்தனம் காய்ந்து கெட்டியானது. ஐயப்பன்தாங்கல் முதல் பட்டாபிராம் வரை எங்கள் லிஃப்டுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டன.

விடுமுறை முடிந்ததும் ஐயப்பன்தாங்கல் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் இராஜமாணிக்கம் தொலைபேசியில் பொரிந்தார். "லிஃப்டுன்னா கதவு மூடணும் மேடம். தொறந்தே இருந்தா அதுக்குப் பேரு ரூம்!" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு டில்லிபாபுவைக் கூப்பிட்டு, இவ்வளவு பெரிய லிஃப்டில் பொட்டு வைக்க வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதான் லிஃப்டுக்குக் கண்ணுன்னு நீங்கதான மேடம் க்ளாஸ் எடுத்தீங்க? பொட்டு கண்ணாண்ட வெக்காம முதுவுலயா வெப்பாங்க?"

எல்லாம் பச்சை

ஈரத்துணியால் துடைத்ததும் கதவுகள் மூடிக்கொண்டன; கதை அன்றே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் திட்ட மேலாளர் சம்பத்துக்குத் துணியில் நம்பிக்கை இல்லை. எதையும் மென்பொருளால் துடைப்பவர் அவர். ஒரு புதிய விதி பிறந்தது: ஒளி சிறிது நேரம் தொடர்ந்து மறைபட்டிருந்தால், பட்டையில் அழுக்கு படிந்திருக்கிறது என்று முடிவு செய், அதைப் பொருட்படுத்தாமல், ஒலி எழுப்பிக்கொண்டு கதவை மூடு, எதன்மீதாவது மோதினால் மட்டும் பின்வாங்கு. மோதிய பிறகு பின்வாங்குவதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால், என் மொழியறிவில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

இந்த விதியை எழுதியது செயற்கை நுண்ணறிவு. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை எழுதியதும் அதே செயற்கை நுண்ணறிவு. தேர்வெழுதிய மாணவனே விடைத்தாளையும் திருத்தினால் மதிப்பெண் எப்படி வருமோ அப்படித்தான் வந்தது. திரை முழுக்கப் பச்சை விளக்கு. என் பங்குக்கு நான் 'ஒப்புதல்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் இணையத்தின் வழியாக எல்லாக் கட்டடங்களுக்கும் போய்விடும். விரலை எடுத்துக்கொண்டு சம்பத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அசையாமல் நிற்பது அழுக்காக இல்லாமல் ஒரு மனிதராக இருந்தால்?

"மனுஷன்னா அசைவான் மேடம். லிஃப்ட் கதவுல நின்னு யார் தியானம் பண்ணப் போறாங்க?"

ஆறாம் மாடி

திரையைப் பார்த்து ஒப்புதல் தருவது எனக்குப் பழக்கமில்லை. ஒரு நாள் பட்டாபிராமுக்குப் போனேன். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் எங்கள் லிஃப்ட் ஓடும் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. மக்கள் கதவைக் கடப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு கீழ்த்தளத்தில் உட்கார்ந்தேன். பெரும்பாலோர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கடந்தார்கள். அவர்களுக்குக் கதவு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. பிறகு லிஃப்ட் திறந்தது. உள்ளே செல்வராணி நின்றிருந்தார்.

ஆறாம் மாடிக்காரர். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பல வருடம் நின்றே வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து இடது கால் பேச்சுக் கேட்பதில்லை. அந்தக் காலோடு ஒருமுறை விழுந்து, இடுப்பில் அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டது. மகள் வேலைக்குப் போய்விடுவதால், உடற்பயிற்சி சிகிச்சைக்கு அவரே வாக்கரை ஊன்றிக்கொண்டு கீழே வருகிறார். வாசலில் கதவு ஓடும் பள்ளத்தில் வாக்கரின் முன்கால் சிக்கியது. அதை விடுவித்து, மூச்சு வாங்கி, வலது காலை எடுத்து வைத்து, இடது காலுக்காகக் காத்திருந்து அதை இழுத்தார். அதுவரையிலும் கதவு பொறுமையாகத் திறந்தே நின்றது. மேலேயிருந்து யாரோ கதவைத் தட்டி, "லிஃப்ட வுடுங்கம்மா!" என்று கத்தினார்கள். "இரு நைனா, ரெக்கை கட்டிகினா வர்றேன்?" என்று இவர் திருப்பிக் கத்தினார்.

நான் யார், எதற்காக வந்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். புதிய விதியையும் சொன்னேன். பள்ளத்தில் வாக்கர் சிக்கிய இடத்தில் அவர் நின்ற நேரத்துக்கு, கதவு அவரை அழுக்கென்று முடிவு செய்து மூட வரும். இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதை அவர்தான் என்னிடம் சொன்னார், ஏதோ அடுத்த வீட்டுச் செய்தி போல. ஆயுத பூஜைக் கதையைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் வாக்கரைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப நான் இன்னாம்மா, குங்குமமா?"

நகர்ந்தால் பாஸ்

ஒப்புதல் தர மாட்டேன் என்று எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். பதில் வரவில்லை என்பதால் மறுபடியும் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பின் சம்பத் நேரில் வந்து, "என்ன மேடம், லிஃப்ட் மேல இவ்ளோ கோவம்?" என்றார். எங்கள் வளாகத்தில் சோதனைக்கென்று ஒரு லிஃப்ட் கோபுரம் இருக்கிறது. அவரை அங்கே அழைத்துப் போய், ஒரு வாக்கரைக் கையில் கொடுத்து, கதவின் நடுவில் முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். இடது கால் உங்களுடையது இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் சோதனை என்றேன்.

நின்றார். சிறிது நேரம் சிரித்துக்கொண்டே நின்றார். பின்னாலிருந்து 'கீ கீ' என்று ஒலி கிளம்பியது. கதவு நகரத் தொடங்கியது. அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் வேறொன்று வந்தது. வாக்கரை அப்படியே போட்டுவிட்டு ஒரே தாவலில் வெளியே வந்து நின்றார். வாக்கரைக் கதவு இடித்துச் சாய்த்தது. சாய்ந்த வாக்கர் ஒளி பாயும் இடத்துக்கு வெளியே போய் விழுந்தது. கதவு சுத்தமாக மூடிக்கொண்டது. இனி அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, மூடிய கதவைக் காட்டினார்.

"பாருங்க, நான் நகந்துட்டேன், கதவும் மூடிடுச்சு. பாஸ்!"

யாரைக் கேட்டு?

மறுநாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. எனக்கு வேலைச் சுமை அதிகமாக இருப்பதால், இனி ஒப்புதலையும் செயற்கை நுண்ணறிவே வழங்கும். ஆவடியில் என்னோடு பெண்கள் பெட்டியில் ஏறும் கஸ்தூரி ஒரு கேன்டீனில் சமைப்பவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று விசாரித்தார். சொன்னேன். ஒரு மென்பொருளைத் தப்பும் தவறுமாகப் புதுப்பித்ததில் ஊர் ஊராக விமானங்களே நின்றுபோன செய்தியையும் சொன்னேன். ஏதோ ஒரு ஊரில் யாரோ பொத்தானை அழுத்த, எங்கேயோ இருப்பவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார் என்றேன்.

விமானம் அவரை அசைக்கவில்லை. முந்தானையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து, அழைப்பு வந்தால் விரலால் இழுக்கும் இடத்தைக் காட்டி, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பச்சைய இஸ்தா புள்ள பேசுவான், அதான் எனக்குத் தெரியும். தூங்கி எய்ந்து பாத்தா இஸ்கறது பூட்ச்சு, அமுக்கணுமாம். அவன் கூப்ட்டுகினே கீறான், நான் முய்ச்சிகினு கீறேன். ஊட்ல ஒரு தட்ட எடம் மாத்தி வெச்சாலே என்னாண்ட ஒரு வார்த்த கேப்பாங்கோ, இவன் யாரக் கேட்டு மாத்துனான்?"

சிக்னல் வீக்கு

புதிய பதிப்பு கட்டடங்களுக்குப் போகும் நாள் காலை, எனக்கு அலுவலக நாற்காலியில் உட்கார முடியவில்லை. திரையில் ஒவ்வொரு கட்டடத்தின் பெயருக்கும் எதிரே பச்சை ஏறிக்கொண்டே வந்தது. ஐயப்பன்தாங்கல் ஏறியது. திருவேற்காடு ஏறியது. பட்டாபிராம் மட்டும் ஏறவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விடுப்பு சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன். மொட்டை மாடியில் லிஃப்ட் இயந்திர அறையில் டில்லிபாபு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். லிஃப்டை இணையத்தோடு இணைக்கும் சிம் கார்டு அவருடைய இரண்டு விரல்களுக்கிடையில் இருந்தது. செல்வராணியின் கதையை அவரிடம் சொன்னவள் நான்தான்.

நிம்மதி வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. லிஃப்ட் பழுதாகி நடுவில் நின்றால் எங்கள் அலுவலகத்துக்குச் செய்தி வருவதும் அந்த சிம் வழியாகத்தான். இனி செல்வராணி உள்ளே மாட்டிக்கொண்டால் அபாய மணி ஒன்றே கதி. அதுவும் வாயிற்காவலரின் காதில் விழ வேண்டும். கதவிடமிருந்து காப்பாற்றப் போய்க் கூண்டுக்குள் தள்ளுகிறோமா? கீழே போய்க் காவலரிடம் மணியை அடித்துக் காட்டிவிட்டு வந்தேன். பிறகு, பட்டாபிராமில் புதிய பதிப்பை நிறுத்தியது நானே என்று சம்பத்துக்குக் கைப்பேசியில் எழுதத் தொடங்கினேன். டில்லிபாபு எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாராச்சும் இப்டி எய்துவாங்களா மேடம்? சிக்னல் வீக்குன்னு போடுங்க. நாட்ல முக்காவாசிக்கு அதான பதிலு?"

டபுள் டோர்

அவர் பேச்சைக் கேட்காமல் உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பினேன். விளக்கம் கேட்டு உடனே பதில் வந்தது. சிம்மைத் திரும்பப் போடச் சொல்லி உத்தரவும், வேறு ஒரு மெக்கானிக் மறுநாள் பட்டாபிராமுக்குப் போவார் என்ற தகவலும் கூடவே வந்தன. மகள் விடுப்பு எடுக்க முடியுமா என்று செல்வராணியிடம் கேட்டேன், முடியாது என்றார். அன்றிரவு எத்தனை முறை அந்த வாக்கர் என் கண்ணுக்குள் சாய்ந்தது என்று எனக்குத் தெரியாது. காலையில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. இராஜமாணிக்கம். "மேடம், உங்க கதவு இடிச்சிடுச்சு" என்றார். "யாரை?" என்று கேட்டேன். "யாரையா? புது ஃபிரிட்ஜை மேடம்! டபுள் டோர்!" என்றார்.

கடை ஆட்கள் அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, லிஃப்ட் வாசலில் நிறுத்தி, எப்படித் திருப்புவது என்று விவாதித்திருக்கிறார்கள். கதவு சற்றுப் பொறுத்தது, அழுக்கு என்று முடிவு செய்தது, இடித்தது, பின்வாங்கியது, மறுபடி இடித்தது. அரை மணி நேரத்துக்குள் இராஜமாணிக்கம் படங்களோடு எங்கள் அலுவலகத்தில் நின்றார். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் நீளமான கீறல். சம்பத் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, மதியத்துக்குள் எல்லாக் கட்டடங்களிலிருந்தும் புதிய பதிப்பைத் திரும்பப் பெற்றார். பட்டாபிராமுக்குக் கிளம்பிய மெக்கானிக்கையும் பாதி வழியில் திருப்பிக் கூப்பிட்டார். அதன் பிறகே டில்லிபாபு சிம்மைத் திரும்பப் போட்டார். இதைத்தானே நான் மூன்று கடிதங்களில் எழுதினேன் என்று சம்பத்திடம் கேட்டேன்; ஆறாம் மாடியில் ஒரு பெண்மணி இருக்கிறார் என்று எழுதினேனே என்றேன். சம்பத் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். பதில் சொன்னவர் இராஜமாணிக்கம்.

"ஆளுன்னா நகந்துக்குவாங்க மேடம். ஃபிரிட்ஜ் நகருமா?"

இப்போது எங்கள் மென்பொருளில் 'அசையாமல் நிற்பது விலையுயர்ந்த பொருளாகவும் இருக்கலாம்' என்று ஒரு குறிப்பு சேர்ந்திருக்கிறது. அதன் தயவில்தான் செல்வராணி ஆறாம் மாடியிலிருந்து தினமும் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறார்.