வெல்லம் போட்ட மண்சுவர்

தில்லியில் இருபது வருஷமாக அரசுக் கட்டடங்கள் கட்டிவந்த இன்ஜினியர் தமிழ்செல்விக்கு சிமென்ட்டைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை கிடையாது. அவளைப் போய்ச் சிமென்ட்டே இல்லாமல் ஒரு குடில் கட்டச் சொன்னார்கள்.

நகரத்தின் தென்கோடியில், பழைய கல்குவாரி ஒன்று மறுபடி காடாகிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் உட்கார நிழல் வேண்டும். மண்ணும் கல்லும் அந்த இடத்தினுடையதாகவே இருக்க வேண்டும் என்று மேலதிகாரி மகாதேவன் சொல்லிவிட்டார்.

அந்த மண்ணோ பிடித்தால் உதிர்ந்தது. எங்கோ படித்த ஞாபகத்தில் வெல்லமும் வெந்தயமும் ஊறிய தண்ணீரில் குழைத்தாள். சுவர் இடுப்புயரம் எழும்பி இறுகியது. நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு சரோஜினி நகர் வீட்டுக்குப் போனாள்.

காலையில் காவலாளி போன் செய்தார். "மேடம்ஜி, தீவாரை நீல்காய் தின்னுடுச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தால், குதிரை உயரத்தில் ஒரு நீல்காய் மான், மிச்சச் சுவரை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.

"செவுத்துக்கு வெல்லமா? எனக்கு ஒருநா பாயசம் வச்சுக் குடுத்திருக்கியா?" என்றார், வீட்டில் கதையைக் கேட்ட கணவர் ஜெயபால்.

"வெயில்ல அசையாம நில்லுங்க, உங்களுக்கும் ஊத்துறேன்."

அடுத்த முறை இடுப்புவரை குவாரிக் கல். மேலே, பள்ளத்தில் படிந்த வண்டலைச் சேர்த்துக் குழைத்த மண். கூரைக்கு, காட்டை அடைத்துக்கொண்டு வளர்ந்ததென்று வெட்டிய சீமைக்கருவேலங் கம்புகள். நீல்காய் வந்து மோந்துவிட்டு வெறுப்போடு திரும்பியது.

திறப்பு விழா ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. அதற்குள் பஞ்சுருட்டான் குருவிகள் மண்சுவரில் பொந்து குடைந்து குடியேறிவிட்டன.

"ஜல்தி அடைச்சுடும்மா. நாளைக்கு கெஸ்ட் வரா," என்றார் மகாதேவன்.

"உள்ள முட்டை இருக்கும் சார்."

"எல்லாத்துலயுமா இருக்கும்? காலியா இருக்கறதை அடையேன்."

"எது காலின்னு நீங்களே பாத்துச் சொல்லிருங்க சார்."

அவர் குனிந்தார். மூக்கை உரசிக்கொண்டு ஒரு குருவி வெளியே பாய்ந்தது.

"அச்சா, இருக்கட்டும்," என்றார்.

ரிப்பனை எட்டத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டினார்கள். கொளுத்தும் வெயிலில் நின்று மகாதேவன் நிழலின் அருமையைப் பற்றிப் பேசினார். குருவிகள் மிரளக் கூடாதென்று, கைதட்ட வேண்டாம் என எல்லோரிடமும் தமிழ்செல்வி முன்பே சொல்லிவைத்திருந்தாள். மகாதேவனிடம் சொல்லத்தான் மறந்துவிட்டாள். பேச்சு முடிந்தது, ஒருவரும் கைதட்டவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவர் முதலிலிருந்து இன்னொரு தடவை பேச ஆரம்பித்தார்.