தம்பிக்கு எத்தனை ராத்தல்?

ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் புளித்த வாடை அப்பாவின் வேட்டியிலிருந்து பாய், தலையணை வரைக்கும் ஏறிவிட்டிருந்த எங்கள் ஆம்பூர் வீட்டுக்கு, வேலூர் ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்த தம்பியை அம்மா துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். பிறந்தபோது ஐந்து ராத்தல், அதாவது ஐந்து பவுண்டு. "மாசக் கடைசிக்குள்ள ஆறு ராத்தல் ஏறணும், ஏறலேன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க" என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

எங்கள் தெருவிலோ ராத்தல் என்று எதுவுமே கிடையாது. புளியும் வெல்லமும் "வீசை", "பலம்" கணக்கில்தான். அப்பா, தான் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியில் பட்டை நிறுக்கும் தராசில் தம்பியைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு வீசையும் முப்பது பலமும். நாப்பது பலம் ஒரு வீசை, வீசைக்கு மூணு ராத்தல், அப்போ அஞ்சேகால்" என்றார். பள்ளிக்கூட வாய்ப்பாட்டில் வீசைக்கு மூன்று ராத்தலும் கொஞ்சமும் என்றிருந்தது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று வாத்தியாரைக் கேட்டேன். "அதை விட்டுடும்மா" என்றார். வெல்லத்தில் விட்டுவிடலாம், தம்பியில் எப்படி விடுவது?

வாலாஜாபேட்டையிலிருந்து வந்த மாமா தம்பியைத் தனக்குத் தெரிந்த கடையில் நிறுத்துவிட்டு, "ரெண்டரை சேருக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். ஐந்து சேர் ஒரு வீசை என்றுதான் அம்மாவுக்குத் தெரியும். "அய்யோ, அரை வீசையா? என் புள்ள அவ்ளோ எளச்சிப் போய்ட்டானா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அது கச்சா சேர். நான் சொல்றது பக்கா சேர்ம்மா, அதைவிட மூணு மடங்குக்கு மேல பெரிசு" என்று மாமா சொல்லி முடிப்பதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது.

சீமைக்குப் போகும் தோல் கட்டுகளை ராத்தலில் நிறுக்கும் பெரிய தராசு ஒன்று டேனரியில் இருந்தது. அப்பா கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினார். அங்கிருந்த சின்னக் கல்லே ஏழு ராத்தல். தம்பி இருந்த தட்டு மேலேயே நின்றது. "ஏழு இல்லப்பா" என்றார் கணக்கப்பிள்ளை.

அன்று அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கடைக்குக் கடை என் புள்ள மாறுவானா? உங்க கணக்கு போதுங்க" என்று அப்பாவிடம் கத்திவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினாள். நானும் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரித் தராசு ஐந்தரை ராத்தல் காட்டியது. நர்சம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "மாசம் தாண்டிப்போச்சே, இத்தனை நாளா இன்னாம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"எடை போட்டுட்டிருந்தோம்மா" என்றாள் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு.

தம்பியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவன் கன்னம் உப்பித் திரும்பி வரும்வரை அப்பாவும் நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது எல்லாம் கிலோ. வீசைக் கல்லும் பலக் கல்லும் பழைய இரும்புக்குப் போய்ச் சேர்ந்தன. கச்சா, பக்கா என்று சண்டை போட யாருமில்லை. அந்த அளவுகளைச் சொல்லிச் சொல்லி உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவை ஒழிந்ததில் எனக்கு ஒரு பலம்கூட வருத்தமில்லை.