துவக்கு வரும்வரை

இராணுவத்துக்குச் சுடப் புதிய துவக்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, பாலையூற்றில் வாடகை வீட்டில் இருக்கிற பென்சன்காரனுக்கு அதில் என்ன வேலை என்று பேப்பர் கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். தமிழ்ப் பேப்பர் ஒன்று, சிங்களப் பேப்பர் ஒன்று என்று நாள் தவறாமல் வாங்கி, கடை வாசலிலேயே நின்று பிரித்துத் தேடுகிற ஆள் நான் ஒருவன்தான். "காணி விசயம்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்குப் பொறுமையும் இல்லை.

விசயம் இதுதான். துறைமுகக் குடாவுக்குத் தெற்கே, சம்பூருக்கும் அப்பால், என் மனைவிக்குத் தாய் கொடுத்த சீதனக் காணி ஒன்று இருக்கிறது. ஒரு கிணறு, எட்டுத் தென்னை, இடிந்த வீட்டின் அத்திவாரம். சண்டை வந்தபோது ஊரோடு சேர்ந்து நாங்களும் ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் காணி சூட்டுப் பயிற்சித் திடலோடு சேர்ந்து முட்கம்பிக்குள் போயிருந்தது. சுடுகிற நாளில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். கொடி இல்லாத நாளில் அடையாள அட்டையைக் காவலரணில் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தேங்காய் பொறுக்கலாம். நாலு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

அந்த மண்ணில் ஓர் அறையும் குசினியும் கட்டிக்கொண்டு போய் இருக்க வேண்டும். என் மனைவிக்கு இதைத் தவிர வேறு ஆசை கிடையாது. நகை கேட்டதில்லை, கோயில் குளம் கூட்டிப்போகச் சொன்னதில்லை. லிங்கநகர், பாலையூற்று என்று எட்டு வாடகை வீடு மாறிவிட்டோம். எந்த வீட்டுக்காரரும் சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. சூடுபட்டுச் செத்துப்போன அவளுடைய தம்பியின் படம் எங்கே போனாலும் அலுமாரிக்கு மேலே சாய்ந்துதான் நிற்கும்.

ஏழு வருடங்களுக்கு முன் ஒருநாள் காவலரணில் ஓர் அதிகாரி நின்றார். நல்ல மனிதர். எனக்குக் கதிரை போடச் சொன்னார், பிளேன் ரீ வந்தது. முப்பது வருடம் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான், சிங்களம் தண்ணீர்பட்டபாடு. காணியை எப்போது விடுவீர்கள் என்று அவருடைய மொழியிலேயே கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்களிடம் இருப்பதெல்லாம் பழைய துவக்குகள், ஐயா. புதியவை வாங்கப்போகிறார்களாம். அவை வந்தால் இந்தத் திடல் போதாது. வேறு பெரிய இடத்துக்குப் போய்விடுவோம். பிறகு இது உங்களுக்குத்தானே" என்றார்.

மனைவி வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது.

"துவக்கு வந்தால் காணி வந்திடும்" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"பெரியவர்தான் சொன்னவர்."

"கடிதம் ஏதும் தந்தவரோ?"

"இதுக்கெல்லாம் கடிதம் தருவினமே? உமக்கு ஒண்டும் விளங்காது."

அன்றைக்குப் பிடித்த வியாதி. ஒரு சாமான் எப்படி வாங்கப்படுகிறது என்பது எனக்கு மனப்பாடம். துறைமுகத்தில் ஒரு பம்புக்கு ரப்பர் வளையம் வாங்க மூன்று வருடம் காத்திருந்தவன் நான். முதலில் தேவை என்று ஒருவர் எழுத வேண்டும், அது தேவையா என்று இன்னொருவர் எழுத வேண்டும். ரென்டர் கூப்பிட வேண்டும். கிடைக்காத கொம்பனி ஆட்சேபிக்கும். தொழில்நுட்பக் குழு கூடும், குழுவில் ஒருவர் பென்சனில் போய்விடுவார், மறுபடி முதலிலிருந்து. ஒரு ரப்பர் வளையத்துக்கே இந்தக் கூத்து என்றால் ஒரு நாட்டின் துவக்குக்கு எவ்வளவு இருக்கும்! ஆகவே நான் பொறுமையாக இருக்கத் தீர்மானித்தேன். பொறுமை என்றால் வீட்டுக்கும் கேற்றுக்கும் நடப்பது, பேப்பரை இரண்டு தரம் வாசிப்பது, யாராவது ரேடியோவைச் சத்தமாகப் போட்டால் நின்று கேட்பது.

பேப்பரில் வருவதில் பாதி ஊகம். வாங்கப்போகிறார்கள் என்று ஒரு மூலையில் வரும், இப்போதைக்கு இல்லை என்று இன்னொரு மூலையில் வரும். எந்த நாட்டுத் துவக்கு எவ்வளவு பாரம், மண் பட்டால் எது இறுகும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துபோனது. சாப்பிட இருக்கும்போது இதையெல்லாம் மனைவிக்குச் சொல்வேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவாள்.

அந்த நாட்களில் மனைவியின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்கு வந்தார். எங்கள் காணிக்கு அடுத்த காணி அவருடையது. புருசன் இல்லை, தனி மனுசி.

"தங்கச்சி, காணி விடச்சொல்லிப் பிரதேச செயலகத்தில போம் நிரப்பிக் குடுக்கினமாம். நாளைக்குப் போறன், நீயும் வாவன்" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் காணி உறுதிப் பத்திரத்தை எடுக்க அலுமாரியைத் திறந்துவிட்டாள். நான்தான் மறித்தேன். "அக்கா, சும்மா அலையாதேங்கோ. துவக்கு வராமல் அவங்கள் அசையமாட்டாங்கள். ஒரு சாமானுக்கு இரண்டு பக்கத்தால எழுதினால் இரண்டு ஃபைலும் படுத்திடும். முப்பது வருசம் பாத்தனான்."

அக்கா என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டு போனார். மனைவி உறுதியை வைத்து அலுமாரியைப் பூட்டினாள். படிக்காத மனுசி, அலைந்து களைக்கட்டும் என்று நான் சொல்லிச் சிரித்ததை நினைக்க இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு டொலர் இல்லாத காலம் வந்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. பால்மாவுக்கே வழியில்லாத நாட்டில் துவக்கு எங்கே வாங்குவது? எல்லாரும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தவித்தார்கள், நான் துவக்குக்கும் சேர்த்துத் தவித்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் பிள்ளையாருக்கு ஏழு தேங்காய் நேர்ந்தேன். அதை ஒளித்து வைக்கவும் எனக்குத் தெரியவில்லை. துவக்கு வாங்குவதைப் பின்போட்டிருக்கிறார்கள் என்று ஒருநாள் வாசித்துவிட்டு, "ஏழு தேங்காய் நேர்ந்தும் ஒரு துவக்கு வரேல்லையே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் கண் கலங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உண்மையாகவே அழுதேன்.

குசினி வாசலில் மனைவி நின்றாள். முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது.

"துவக்கு வரவேணுமெண்டு நேந்தனீங்களோ?"

"காணிக்குத்தானே..."

"என்ர தம்பியைத் தின்றது என்ன? துவக்குத்தானே? அவன்ர படத்துக்கு முன்னால நிண்டு துவக்கு வரேல்லையெண்டு அழுறியள்."

உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். அது முழு உண்மையும் இல்லை. கணக்குத் தெரிந்தவன் நான் என்று காட்டுகிற ஆசையும் அதற்குள் இருந்தது. அவள் தம்பியின் படத்தை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தாள். நான் பேப்பரை மட்டும் விடவில்லை, கடை வாசலிலேயே வாசித்துவிட்டுக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் தேங்காய் பொறுக்கப் போனபோது கம்பிவேலி இடம் மாறியிருந்தது. அக்காவின் காணி வெளியே நின்றது. அவர் அங்கே நின்று பற்றைக்கு நெருப்பு வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் காணி மட்டும் கம்பிக்குள்ளேயே இருந்தது. மனைவி வேலியைப் பிடித்தபடி அக்காவோடு ஏதோ கதைத்தாள். நான் நேரே காவலரணுக்குப் போனேன். கோபத்தில் எனக்குச் சிங்களமே குழறியது. புதிய துவக்கு வருமுன் அவருக்கு எப்படிக் காணியை விட்டீர்கள் என்று கேட்டேன்.

அங்கிருந்த அதிகாரி இளம் ஆள். நான் என்ன கேட்கிறேன் என்று விளங்க அவருக்கு நேரம் எடுத்தது. பிறகு மரியாதையாகத்தான் சொன்னார். "துவக்குக்கும் காணிக்கும் ஒரு தொடர்பும் இல்லையே, ஐயா. விண்ணப்பித்தவர்களின் பட்டியல் செயலகத்திலிருந்து வந்தது. அந்தக் காணிகளை அளந்து விட்டோம். உங்களுடையது பட்டியலில் இல்லை. யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், அதை ஒரு கதைக்குச் சொல்லியிருப்பார்."

ஒரு கதைக்கு. பிளேன் ரீயோடு ஒரு வயதான மனிதனுக்கு ஆறுதலாகச் சொன்ன ஒரு வார்த்தை. அதை வைத்துத்தான் நான் ஏழு வருடம் பேப்பர் வாங்கியிருக்கிறேன். துவக்கு வாங்கப் பிந்தினது அவர்களுடைய பாடு. காணி பிந்தினது என்னால்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். மறைக்கலாமா என்று இரண்டு தரிப்பிடம் வரைக்கும் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அவள் ஏசவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். இறங்கும்போது, "நாளைக்கு நான் செயலகத்துக்குப் போறன்" என்றாள். நானும் வரட்டோ என்று கேட்டேன். வந்தால் வாங்கோ என்றாள்.

அடுத்த நாள் காணிக் கிளையில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரைதான் இருந்தது. அதில் அவள் இருந்தாள், நான் பின்னால் நின்றேன். போம் எழுதுகிற பிள்ளை இளம்பெண், இருபத்தைந்து வயது இருக்கும்.

"காணி ஆற்ற பேரில, அம்மா?"

"என்ர பேரில. என்ர அம்மா தந்தது."

பிள்ளை உறுதியைப் புரட்டிப் பார்த்தது. இடத்தின் பேரைக் கண்டதும் நிமிர்ந்தது.

"உங்கட பக்கத்து ஆக்கள் எல்லாரும் எப்பவோ போம் குடுத்திட்டினம். அவைக்கு விட்டும் ஆச்சு. இனி அடுத்த கூட்டம் எப்பவெண்டு எங்களுக்கே தெரியாது. இவ்வளவு காலமும் ஏன் வரேல்ல, அம்மா?"

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். என் மனைவி திரும்பிப் பார்க்காமல், பேனையைக் கீழே வைக்காமல், தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இவர் ஆமிக்குத் துவக்கு வாங்கிக்கொண்டு நிண்டவர், பிள்ளை. அதுதான் பிந்திப்போச்சு."